இறக்கைக்கு வைத்த சந்தனப் பொட்டு

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் கையில் ஸ்பேனர் கொடுக்கவில்லை. டார்ச் லைட் கொடுத்தார்.

"இன்ஜினுக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு தம்பி. குஞ்சு இருந்தா தொடாத. அது பறக்கட்டும், அப்பறம் நாம பறப்போம்."

குஞ்சுகள் இருந்தன. விமானப் பராமரிப்புப் படித்துவிட்டு வந்த நான் முதலில் செய்த பெரிய வேலை, பூனை வராமல் காவல் இருந்ததுதான்.

முதலாளி முத்துராஜ் சாருக்கு நூல் மில் இருக்கிறது, பைலட் லைசென்ஸும் இருக்கிறது. செம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி ஓர் ஓடுபாதை, தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு பேர் உட்காரும் வெள்ளை விமானம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா அய்யலூர்ச் சந்தையில் ஆடு விற்பவர். மகன் வேலை பார்க்கும் விமானத்தைப் பார்க்க வந்தவர், ஒரு சுற்றுச் சுற்றி, டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "மைலேஜ் எம்புட்டுடா குடுக்கும்?" என்றார்.

2. பறக்காத நாட்கள்

சொந்த விமானம் என்றால் நினைத்தபோது பறக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆடிக் காற்று விடாது. ஐப்பசி மழை விடாது. வானம் தெளிவாக இருந்தால் பெட்ரோல் இருக்காது. விமானத்துக்கான பெட்ரோல் வெளியூரிலிருந்து டிரம்மில் வர வேண்டும். அது வந்த அன்று டயர் பஞ்சர் ஆகியிருக்கும். எல்லாம் கூடி வந்தால் ஓடுபாதையில் ஆடுகள் படுத்திருக்கும். அவற்றை விரட்டுவதில் மட்டும் எனக்குப் பரம்பரைத் தேர்ச்சி உண்டு.

இத்தனையும் தாண்டி ஒரு முறை பறந்து இறங்கிவிட்டால், சார் அன்று முழுக்க யாரையும் திட்ட மாட்டார்.

அவர் மனைவி சாந்தியம்மாவுக்குத்தான் விமானம் பிடிக்கவில்லை. ஒரு தடவைகூட ஏறியதில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அதை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை அன்று அம்மா தீர்ப்புச் சொன்னார்.

"நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. நானும் ஏறுறேன். ஒழுங்கா போயிட்டு வந்தா இருந்துட்டுப் போகட்டும். ஏதாச்சும் எடக்கு பண்ணுச்சு, அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்கே குடுத்துருங்க."

விமானம் போனால் என் வேலையும் போகும். கையில் வாங்கிய சுண்டலோடு போய், டயரில் காற்றை இன்னொரு தடவை பார்த்தேன்.

3. விஜயதசமி

காலையில் சாரும் நானும் வாக்-அரவுண்ட் முடித்தோம். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகமாகப் பார்க்கும் வேலை அது. குறை ஒன்றும் இல்லை. சார் பறப்பதற்குப் போனில் அனுமதி கேட்கப் போனார். நான் ஓடுபாதைக் கோடிவரை ஆடு பார்க்கப் போனேன். திரும்பியபோது விமானத்தின் மூக்கிலும் சக்கரத்திலும் சந்தனம், குங்குமம். அம்மா ஏறி உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார்.

விமானம் ஓடியது. பாதித் தூரத்தில் இன்ஜின் சத்தம் அடங்கியது. நின்று, திரும்பி, ஊர்ந்து வந்தது.

"நான் சொல்லல? எடக்கு பண்ணிருச்சு!" என்றபடி அம்மா இறங்கினார்.

"ஸ்பீடு முள்ளு அசையவே இல்ல தம்பி" என்றார் சார்.

இடது இறக்கைக்கு அடியில் பிட்டோ டியூப் என்று ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் புகும் காற்றை வைத்துத்தான் மீட்டர் வேகம் காட்டும். போய்ப் பார்த்தேன். வாய் நிறையச் சந்தனம், நடுவில் அழகாகக் குங்குமம்.

"ஒண்ணையும் விட்டுறக் கூடாதேன்னு வச்சேன்" என்றார் அம்மா. "அது ஓட்டைன்னு எனக்கு என்ன தெரியும்? ஊசிய விட்டுக் குத்து, போயிரும்."

"குத்துனா இன்னும் உள்ள போயிரும்மா. முன்னாடி ஊதுனா மீட்டரு கெட்டுரும். மீட்டர் பக்கம் கழத்திவிட்டு, உள்ளயிருந்து வெளிய தள்ளணும்."

"செத்த நேரத்துல முடிஞ்சுருமா?"

"முடியாதும்மா."

நான் வேலையைத் தொடங்கினேன். சார் பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி நின்றார். "கோயம்புத்தூருக்குப் போன் போட்டுறவா?" என்று அவரே மெதுவாகக் கேட்டார்.

அம்மா வேறொன்று கேட்டார். "ஏங்க, குத்துமதிப்பா தூக்கியிருக்கலாம்ல? எத்தன தடவ ஓட்டியிருக்கீக!"

"வேகம் தெரியாம தூக்கக் கூடாது, சாந்தி."

"நான் கூட இருந்ததால நிறுத்துனீகளா?"

"நீ இல்லாட்டியும் நிறுத்தியிருப்பேன்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்பு, இந்த மனுசன் கார் ஓட்டிப் பாத்திருக்கியா? பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல பூந்து போவாரு. முருகா முருகான்னு கத்துனாலும் பிரேக்கத் தொட மாட்டாரு. ஆகாசத்துலயும் அப்பிடித்தான் போவாருன்னுதானே இம்புட்டு நாளா ஏறல? ஒரு முள்ளு ஆடலன்னு நிறுத்திப்புட்டாரே!"

குழாயைச் சுத்தம் செய்து, மாட்டி, மீட்டரைச் சோதித்தேன். சார் மறுபடி சுற்றி வந்து பார்த்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். கன்னிவாடி மலைவரை போய்த் திரும்பினார்கள். இறங்கியதும் அம்மா சொன்னார்:

"மேல போனா தங்கமான மனுசன். பிளேன விக்க வேணாம். காரத்தான் விக்கணும்."

இந்தப் படிப்புக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு இரண்டே விஷயம். வாக்-அரவுண்டை எல்லோரும் பொட்டு வைத்து முடித்த பிறகு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் விமானத்தைத் தரையிலேயே நிறுத்துங்கள். யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் கூச்சப்படாதீர்கள். அன்று பாதி ஓட்டத்தில் சார் நிறுத்தியதால்தான் அந்தத் தகரக் கொட்டகையில் இன்றைக்கும் எனக்கு வேலை இருக்கிறது.