பாலத்தைக் கடக்கப் பகடை

ஞாயிறு மாலை சரியாக நாலு இருபதுக்கு, மாதாப்பூர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் போன் செய்ததிலிருந்து எல்லாம் கெட ஆரம்பித்தது. என் மகளும் அவள் சிநேகிதிகள் இருவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் வாரந்தோறும் ஆடும் கதை விளையாட்டை நடத்துபவள் அந்தப் பெண்தான். அவள் கதை சொல்வாள். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பார்கள். முடியுமா என்று சந்தேகம் வந்தால் இருபது பக்கப் பகடையை உருட்டச் சொல்வாள். பெரிய எண் விழுந்தால் காரியம் நடக்கும். சின்ன எண் விழுந்தால் வினை.

"நான் வர்ற வரைக்கும் ஆன்ட்டி நடத்தட்டும். சந்தேகம் வந்தா மட்டும் உருட்டச் சொல்லுங்க, போதும்," என்றாள்.

சந்தேகம் வந்தால் மட்டும்! நான் வேலை பார்ப்பது பாதுகாப்புத் தளவாட ஆலையில், விபத்துத் தடுப்புப் பிரிவில். அங்கே பல்பு மாற்ற ஏணியில் ஏறுவதற்கே மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலும், மகள் மெட்ரோ ஏறினால் ஒரு போன், இறங்கினால் ஒரு போன். எனக்குச் சந்தேகம் வராத நேரம் எது?

கோட்டைக்குள் சிறைப்பட்ட இளவரசனை மீட்க வேண்டும். மல்யுத்த வீரனாக ஆடிய பெண், "படியேறிப் போறேன்," என்றாள்.

"உருட்டு."

"கைக்கு ஆன்ட்டி, எதுக்கு? படிதானே?"

"மழைக்காலம். பாசி இருக்கும்."

மூன்று விழுந்தது. வீரனுக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்தவளின் மந்திரவாதி கிணற்றுத் தண்ணீரைக் குடித்தான். கொதிக்க வைக்காத தண்ணீர், உருட்டச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பின்னால் போனவன் திரும்பவே இல்லை. எதிரி ஒருவனைக்கூடப் பார்க்காமல் படை படுத்துவிட்டது. எங்கள் ஆலையாக இருந்தால் விசாரணைக் குழு அமைத்திருப்பார்கள்.

மிஞ்சியது என் மகளின் திருடி. இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்த நாளிலிருந்து அவள் வளர்த்து வந்த பாத்திரம். பரீட்சையில் தோற்று, எங்களோடு பேசாமல் கிடந்த மாதங்களில்கூட அந்தத் திருடியாக மட்டும் வாய் திறந்து சிரித்திருக்கிறாள்.

"பாலத்துமேல நடந்து அந்தப் பக்கம் போறேம்மா."

"உருட்டு."

"அம்மா, ப்ளீஸ் யா. அகலமான பாலம்."

"கைப்பிடி இருக்குன்னு யாரும் சொல்லலையே?"

ஒன்று விழுந்தது. அதைவிடச் சின்ன எண் பகடையில் கிடையாது. திருடி அகழியில் விழுந்தாள். நீச்சல் தெரியுமா என்று உருட்டச் சொன்னேன், அதுவும் போயிற்று. விளையாட்டின் விதிப்படி, செத்தவள் செத்தவள்தான்.

மகள் அழவில்லை. "கூரை கூரையா தாண்டினவம்மா அவ. நீ பாலத்துல கொன்னுட்ட," என்றாள்.

"வேணும்னா இன்னொரு தடவை உருட்டேன்."

"நக்கோ, வேணாம். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்."

 

அழைப்பு மணி அடித்தது. மாதாப்பூர்ப் பெண் ஹெல்மெட்டும் கையுமாக நின்றாள். நடந்ததை எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவள் என்னிடம் மட்டும் கேட்டாள்.

"பாலத்துல யாராவது துரத்தினாங்களா ஆன்ட்டி?"

"இல்ல."

"பாலம் உடைஞ்சிருந்ததா?"

"இல்ல."

"அப்போ அதுக்கு எதுக்கு டைஸ்?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, என் மகளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ நடந்து அந்தப் பக்கம் போயிட்ட. எதிர்ல ஒரு கதவு இருக்கு. என்ன பண்ற?"