லெவன் பிக்கு என்ன முறை?

அண்ணன் போய் ஒரு வருடம் திரும்பிவிட்டது. நினைவு மலர் போடுகிறோம், சித்தப்பா நீங்களும் எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வயல் வேலை தெரியும். எழுத வராது என்றேன். வந்த மட்டும் எழுதுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

இந்த ஒரு வருடமாகச் சொந்தக்காரர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நேரே கேட்டவர்கள் உண்டு. பின்னால் பேசியவர்களும் உண்டு. அண்ணன் இறந்த அன்று துஷ்டி வீட்டில் வைத்து, முன்பின் தெரியாத ஆட்களை, வேறு சாதி வேறு மதம் எல்லாம் கலந்த ஆட்களை, பங்காளி என்று எப்படிச் சொன்னாய் என்பதுதான் கேள்வி. பதில் எனக்கும் சரியாகத் தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் தெரியுமோ என்று பார்க்கிறேன்.

அண்ணன் பிறந்தது இந்த ஊரில், இதே வீட்டில். அஞ்சுகிராமம் போகிற ரோட்டில் இருந்து உள்ளே இறங்கினால் எங்கள் வயல். அதைத் தாண்டி வீடு. அண்ணனுக்கு நான் மூன்று வயது இளையவன். வேறு கூடப்பிறந்தவர்கள் இல்லை.

நான் ஐந்து முடித்த வருடம் அப்பா இறந்தார். அண்ணன் அப்போது ஹைஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தார். கொஞ்சம் வயலும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. அம்மா எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிறுத்திப் பார்த்தாள்.

"பெரியவன் பாதி தூரம் போயிட்டான். அவன் படிக்கட்டு. நீ மாட்டப் புடி மக்கா" என்றாள்.

பிடித்தேன். அவ்வளவுதான்.

அண்ணன் அந்தக் காலத்துப் பதினொன்றாம் வகுப்பு வரை படித்துப் பாஸ் செய்தார். கொஞ்ச நாள் வேலை இல்லாமல் என்கூட வயலுக்கு வந்தார். பிறகு அரசு பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. மதினி தோவாளைப் பக்கம். ஒரே மகள். மகளைப் படிக்க வைத்தார். என் மகனையும் அவர்தான் படிக்க வைத்தார். நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அவராக வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்.

வயதானவர்கள் ஏறி உட்காரும் வரை அண்ணன் விசில் கொடுக்க மாட்டார். டிரைவர் திட்டினாலும் கொடுக்க மாட்டார். கும்பப்பூ நெல் அறுப்புக்கு ஒரு வருடம் தவறாமல் லீவு போட்டுவிட்டு வந்து களத்தில் நிற்பார். குடிப்பழக்கம் கிடையாது. யாரையும் ஒரு சொல் சொன்னது கிடையாது.

நல்ல சொல்லும் சொன்னது கிடையாது. வீட்டில் அண்ணன் பேச மாட்டார். நானும் பேச மாட்டேன். "அண்ணனும் தம்பியும் வரப்புல போனா தவளச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்" என்று மதினி சொல்வார். அது உண்மை.

ரிட்டையர் ஆன பிறகுதான் இந்த லெவன் பி தொடங்கியது. மாதத்தில் ஒரு நாள் அண்ணன் தேய்த்த சட்டை போட்டுப் புறப்படுவார்.

"எங்க போறீங்க?" என்று மதினி கேட்பார்.

"லெவன் பி இருக்கு."

"அது எங்க போற பஸ்ஸு?"

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவார். சாயங்காலம் வருவார். முகம் வேறு மாதிரி இருக்கும். நல்ல சாப்பாடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர் முகம் மாதிரி இருக்கும்.

மதினி என்னிடம் வந்து அழுதார். "ஒங்க அண்ணனுக்கு ரிட்டையர் ஆனதே மறந்துபோச்சு கொழுந்தனாரே. இன்னும் டூட்டிக்குப் போறாரு" என்றார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்தேன். இந்தத் தடத்தில் லெவன் பி என்று ஒரு பஸ்ஸே ஓடவில்லை என்று சொன்னார்கள். எனக்கும் பயம் வந்தது. ஆனால் அண்ணன் மற்ற எல்லாவற்றையும் ஞாபகமாகத்தான் செய்தார். தண்ணீர் முறை எந்த நாள், உரம் எப்போது போட்டது எல்லாம் சரியாகச் சொல்வார். ஒரு பஸ் மட்டும் மனதுக்குள் ஓடுகிறது என்றால் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

பிறகு நெஞ்சில் சளி என்று ஆரம்பித்தது. சளி இல்லை, நுரையீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அண்ணன் வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. படுக்கையை ஜன்னல் ஓரம் போடச் சொன்னார், போட்டோம். ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே."

"சொல்லுண்ணே."

"நான் போனா லெவன் பி வரும். வெளிய நிறுத்திராத. உள்ள விடு."

பஸ்ஸை டிப்போவுக்குள் விடச் சொல்கிறார் என்று நினைத்தேன். "சரிண்ணே" என்றேன். அவர் என்னிடம் கேட்டது ஆயுசுக்கும் அது ஒன்றுதான். நான் என்னவென்று தெரியாமல் சரி சொன்னேன்.

அண்ணன் போன அன்று வீடு நிறையக் கூட்டம். துஷ்டி வீட்டில் எல்லாம் முறைப்படிதான் நடக்கும் என்பது இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். யார் முதலில் உடல்மேல் கோடித்துணி போடுவது, யார் அடுத்து என்று எங்கள் பெரியப்பா நின்று விளிப்பார். வகையறாவில் மூத்தவர் அவர்தான். குளிப்பாட்டக் குளத்துத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் புறப்படுகிற நேரம். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே மக்கா, அங்கன வேலிக்கு வெளிய நிக்காங்களே, யாரு?"

"தெரியல்ல பெரியப்பா."

"கையில கோடி வச்சிருக்காங்க. கேட்டுட்டு வா. முறை தெரியாம நான் எப்பிடி விளிக்க?"

போனேன். ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் அண்ணன் வயது. முன்னால் நின்றவர் உயரமான ஆள், பெயர் செல்வராஜ், மார்த்தாண்டத்தில் இரும்புக்கடை. பக்கத்தில் வெள்ளைச் சேலை உடுத்த ஓர் அம்மாள், பெயர் எஸ்தர், நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

"நீங்க எங்க இருந்து?" என்று கேட்டேன்.

"நாங்க லெவன் பி" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "பஸ்ஸுலயா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, வேனு பிடிச்சு வந்தோம்" என்றார் செல்வராஜ் அண்ணாச்சி.

"லெவன் பின்னு சொன்னீங்களே."

"பஸ்ஸு இல்லப்பா. பதினொண்ணாங் கிளாசு, பி செக்ஷன். நாங்க ஒம்ம அண்ணங்கூடப் படிச்சவங்க. எங்க எல்லாரையும் தேடிப் பிடிச்சு ஒண்ணு சேத்ததே அவன்தான். பஸ்ஸுல டிக்கெட்டு குடுக்கும்போது மூஞ்சப் பாத்து, நீ பி செக்ஷன்தானேன்னு கேப்பான். அப்பிடிப் பிடிச்சான் ஒவ்வொருத்தரா."

எஸ்தர் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீருதானா அந்தத் தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது தெரியவில்லை.

வெளிய நிறுத்திராத என்று அண்ணன் சொன்னது அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள்.

திரும்பி வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். "அண்ணங்கூடப் படிச்சவங்களாம்."

"செரி. என்ன முறை?"

"படிச்சவங்க."

"படிச்சவங்கன்னு ஒரு முறை உண்டுமாலே? சம்பந்தியா, மாமன் மச்சானா? ஒண்ணும் இல்லேன்னா அங்கனயே நிக்கட்டு. எல்லா முறையும் முடிஞ்ச பொறவு கடைசியில விளிக்கேன்."

அங்கனயே நிக்கட்டு என்றதும் என் வாயில் வந்தது. "பங்காளி பெரியப்பா. பங்காளிதான்."

யோசித்துச் சொல்லவில்லை. மதினியின் அண்ணன் பக்கத்தில் நின்றார். "என்ன ஓய், பங்காளியா? அந்த அம்மா களுத்துல சிலுவை கெடக்கு. எந்த வழியில ஓய் பங்காளி?" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததா என்று தெரியவில்லை. "தம்பிக்காரன் சொன்னா சொன்னதுதான். துஷ்டி வீட்டுல வாதம் கூடாது" என்றார். பிறகு வேலியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏ, லெவன் பி! பங்காளின்னா கோடி போடுற முறை இல்ல, கோடியும் கையுமா நிக்கப்புடாது. உள்ள வாங்க. நீர்மாலைக்கி வாங்க."

உள்ளே வந்தார்கள். எஸ்தர் அக்காவும் மற்றப் பெண்களும் மதினியிடம் போய் உட்கார்ந்தார்கள். ஆண்கள் எங்களோடு குளத்துக்குப் புறப்பட்டார்கள். தண்ணீர்க் குடத்துக்கு மேலே பந்தல் மாதிரி பிடிக்க வேட்டி எடுக்க ஒருவர் வீட்டுக்குள் போகப் பார்த்தார். செல்வராஜ் அண்ணாச்சி கையில் இருந்த கவரைப் பிரித்தார். கோடி போட வாங்கிய வேட்டி. அதையே விரித்தார்கள். நாலு மூலையையும் அவர்களே பிடித்தார்கள்.

"ஏலே, இழுத்துப் புடில. பூகோளப் பீரியடுல மேப்பு புடிச்ச மாதிரி தொங்குது" என்று பின்னால் ஒருவர் மெல்லச் சொன்னார்.

"அன்னைக்கு அந்தப் பக்கம் புடிச்சது அவன்லா" என்றார் செல்வராஜ் அண்ணாச்சி.

சிரித்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். நீர்மாலையில் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. சரியா தப்பா என்று தெரியவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

பிறகு பதினாறாம் நாள் அடியந்திரம். காலையிலேயே அதே வேன் வந்து நின்றது. செல்வராஜ் அண்ணாச்சி முகத்தில் நரைத்த தாடி.

"என்ன அண்ணாச்சி, சொகமில்லையா?"

"பங்காளின்னு சொன்னீர்லா. தீட்டுல சவரம் செய்யப்புடாதுன்னு எங்க வீட்டுக்காரி சொல்லிட்டா. மச்சினன் மவன் கல்யாணம், அதுக்கும் போகல்ல. தீட்டுக்காரன் மணவறையில ஏறலாமா?"

எஸ்தர் அக்கா அதற்கு மேல். "நான் மீனு வாயில வைக்கல்ல தம்பி. எங்க சபையில இதெல்லாம் கெடையாது. ஆனா தீட்டுன்னா மீனு ஆவாதுன்னு இவங்க சொன்னாங்க. வாங்கி, கொளம்பு வச்சு, எல்லாருக்கும் வெளம்பினேன். நான் தின்னல்ல. மருமவ கேக்கா, அத்தே ஒங்களுக்கு யாரு செத்தான்னு. பங்காளின்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல்ல."

"எனக்கும் புரியல்லக்கா" என்றேன்.

நான் அவசரத்தில் விட்ட ஒரு சொல். அதை அவர்கள் பதினாறு வரை சுமந்திருக்கிறார்கள். எங்கள் சொந்தப் பங்காளிகளில் சிலர் அதற்கு முன்பே கோழி தின்றது எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை.

சாப்பாடு முடிந்து மாட்டுத்தொழுவத்துப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அண்ணனைப் பற்றிப் பேசினார்கள். ஹெட்மாஸ்டர் மாதிரி நடந்து காட்டுவாராம். பேச ஆரம்பித்தால் வாயை மூட வைக்க முடியாதாம். கேட்கக் கேட்க எனக்குக் குழப்பம். இவர்கள் சொல்வது என் அண்ணனைத்தானா, ஆள் மாறி வந்துவிட்டார்களா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

மாதம் ஒருவர் வீட்டில் கூடுவார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்போது கேட்டேன். "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் ஒரு நாளும் வரல்ல?"

செல்வராஜ் அண்ணாச்சி தாடியைச் சொறிந்தார். எஸ்தர் அக்காதான் சொன்னார்.

"கேட்டோம் தம்பி. ஒவ்வொரு வருசமும் கேட்டோம். எங்க வீட்டுல தம்பி இருக்கான், அவன் முன்னால வச்சு நான் பள்ளிக்கூடத்தப் பத்திப் பேச மாட்டேன்னுட்டான்."

நான் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. இதை இந்த மலரில் எழுதிவிட வேண்டும். அன்று நான் பிடித்த சிவலை மாடு நல்ல மாடு, சொன்னபடி கேட்கும். வயல் எனக்குப் பிடிக்கும். அண்ணன் ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் தோன்றவில்லை. இரண்டு பேரும் வரப்பில் இவ்வளவு நடந்திருக்கிறோம். தவளைச் சத்தம்தான் கேட்டது.

பதில் கிடைத்ததா என்றால் இல்லை. கூடப் படித்தவர்களுக்கு என்ன முறை என்று எனக்கு இப்போதும் தெரியாது. எனக்குக் கூடப் படித்தவர்கள் என்று யாரும் ஞாபகத்தில் இல்லை. பங்காளி என்றது தப்பு என்றால் தப்புதான். ஆனால் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் அவர்கள் வெளியே நின்றிருப்பார்கள்.

இப்போது லெவன் பி எங்கள் வீட்டிலும் கூடுகிறது. மதினி ரசவடை போடுவார். நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். எந்த சார் யார் என்று தெரியாது, பாதி விளங்காது.

"தம்பி, ஒமக்கு அல்ஜிப்ரா தெரியுமா?" என்று ஒரு நாள் செல்வராஜ் அண்ணாச்சி கேட்டார்.

"தெரியாது அண்ணாச்சி."

"எங்களுக்கும் தெரியாது. அப்போ நீரும் லெவன் பிதான், இன்னொரு வடை எடும்."

எடுத்தேன்.

கடைசியாக நன்றி. அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும் நன்றி. கடைசி மாதங்களில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நன்றி. மழை என்று பார்க்காமல் வந்த டிரைவர், கண்டக்டர் நண்பர்களுக்கு நன்றி. சம்பந்தி வீட்டாருக்கும், என்மேல் கோபம் இருந்தும் கூடவே நின்ற மதினியின் அண்ணனுக்கும் நன்றி.

பெரியப்பா பெயரும் மற்றப் பங்காளிகள் பெயரும் இதில் இல்லை என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். பங்காளிக்கு நன்றி சொல்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

லெவன் பி பெயரும் இதில் இல்லை.

இப்படிக்கு,
தம்பி