மல்லேஷின் நாடகம் அடைத்த இடம்

இந்தக் கணினியில் விண்டோஸின் புதிய பதிப்பு இயங்காது என்று என் மடிக்கணினி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்றவனிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்வது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான். சூடேறியதும் அதன் அடிப்பக்கத்திலிருந்து ஒரு தூசி வாசனை வருகிறது. ஓசூரில் நான் நிர்வாக அதிகாரியாக இருந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் அதே வாசனை அடிக்கும்.

அங்கே விண்டோஸ் 98 ஓடிய கணினி ஒன்று இருந்தது. வருகைப் பதிவு பார்க்கும் மல்லேஷ்தான் அதற்கு எஜமான். எல்லையோரத் தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம். ஆனால் ஆயுத பூஜையன்று கேன்டீன் பின்புறம் தொழிலாளர்கள் போடும் நாடகத்தை ஆண்டுதோறும் தமிழில் தட்டச்சு செய்து எழுதுவார். ராஜா தமிழ் பேசுவார், மந்திரி தெலுங்கு, காவலாளி கன்னடம். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாததுபோல் நடிக்க, மூன்றும் புரிந்த எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஒரு வருஷம் தலைமை அலுவலகம் புதுச் சம்பள மென்பொருளை அனுப்பியது. அதற்கு எக்ஸ்பி வேண்டும். புதுக் கணினி கேட்டேன், தரவில்லை. பழைய பெட்டியிலேயே இன்னொரு ராம் நினைவகம் செருகிச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தவன் நான்தான். எம்.எஸ்சி. படித்த தைரியம். கோப்புகளை டிஸ்கின் ஒரு மூலையில் ஒதுக்கினோம். எக்ஸ்பி ஏற்ற வந்த பெங்களூர்க்காரர், "தமிழ் ஃபான்ட் எடுத்தாச்சா சார்?" என்றார். அந்த எழுத்துருவும் கோப்போடு வந்துவிடும் என்று நினைத்து, எல்லாம் எடுத்தாச்சு என்றேன்.

எக்ஸ்பி ஏறியது. ஒரு கோப்பு திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். மல்லேஷ் தம் நாடகத்தைத் திறந்தார். திரை முழுக்கக் கொக்கியும் கோடும், தலையில் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும். பூஜைக்கு ஒரு வாரம். கடைசி நாள்வரை திருத்துகிறவர் என்பதால் அச்செடுத்த பிரதியும் கிடையாது.

ராஜா வேடம் போடும் லேத் ஆபரேட்டர் முருகேசன் எட்டிப் பார்த்தார். "என்னங்ண்ணா, இந்த வருசம் ராஜா வெள்ளைக்காரனா?"

மல்லேஷ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பெங்களூர்க்காரர் கேட்ட கேள்வி அந்தக் கணமே நினைவுக்கு வந்தது. எங்கே தவறினேன் என்று தெரிந்துவிட்டது. அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். முருகேசன் முன்னால் எம்.எஸ்சி. தடுத்தது.

"பழைய டிஸ்க் மல்லேஷ், கெட்டுப்போச்சு. ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் நம்பினார். சில நாளில், டிஸ்கில் இடமில்லை என்று கணினி எச்சரித்தபோது அவரே வந்து கேட்டார். "கெட்டதை எதுக்கு சார் வெச்சிக்கினு? என்னுதை எடுத்துடட்டுங்களா?"

தலையாட்டினேன்.

அந்தப் பூஜைக்குப் பொரியும் சுண்டலும் மட்டும்தான். மறு வருஷத்திலிருந்து பாட்டுக் கச்சேரி வந்தது. எழுதச் சொன்னவர்களிடம், மறுபடி கெட்டுப்போகும் என்று சொல்லி மல்லேஷ் நழுவிவிட்டார். இப்போது அந்த டைம் ஆபீஸும் கேன்டீனும் இல்லை. முருகேசன் எங்கிருக்கிறார் என்று தெரியவில்லை. மல்லேஷ் காலமாகிவிட்டார்.

எழுத்துகள் உள்ளே பத்திரமாகத்தான் இருந்திருக்கின்றன. ஃபான்டைத் திரும்பப் போட்டிருந்தால் ராஜாவும் மந்திரியும் காவலாளியும் அப்படியே எழுந்து வந்திருப்பார்கள்.

அன்று அவர் அழித்து முடித்த பிறகும், இடமில்லை என்ற எச்சரிக்கை திரையிலிருந்து போகவில்லை. அவருடைய நாடகம் அடைத்திருந்த இடம் அவ்வளவு கொஞ்சம்.