சங்கிலி படும் இடத்தில் கருப்பு

2005-ஆம் ஆண்டு. நான் லெப்பைக்குடிக்காட்டில் புகுந்த வீட்டில் இருந்தேன்; கணவர் சவூதியில். லீவில் வந்தவர் ஒரு தங்கச் சங்கிலி போட்டுவிட்டுப் போனார். சில மாதங்களில் அது படும் இடமெல்லாம் கழுத்து கருத்துப்போனது. எலுமிச்சம்பழம், பயத்தமாவு என்று தேய்த்ததில் தோல் எரிந்ததுதான் மிச்சம்.

"நல்ல தங்கம் கழுத்தைக் கருக்காதுடி. எவனோ எம்மவன் தலையில கவரிங்கைக் கட்டிட்டான்" என்றார் மாமியார். என் அக்காவோ, "ஏமாந்தாரா, ஏமாத்துறாரா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அது மனதில் தைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் போன் செய்தால் ம், சரி என்று முடித்துவிடுவேன். "என்ன புள்ள, ஒடம்பு சரியில்லையா?" என்பார். அதுவும் நடிப்பாகத் தோன்றியது.

கடைசியில் மாமியாரும் நானும் பெரம்பலூரில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து உரசிப் பார்த்தோம். சொக்கத் தங்கம்! அப்படியானால் கருப்பு எங்கிருந்து வந்தது? வந்ததுதான் வந்தோம் என்று ஒரு டாக்டரம்மாவிடம் போனோம்.

துப்பட்டியை விலக்கிக் கழுத்தைப் பார்த்தவர், களிம்பு ஏதும் எழுதவில்லை. இடுப்பை டேப் வைத்து அளந்தார். பிரஷர் பார்த்தார். மறுநாள் வெறும் வயிற்றோடு வரச் சொல்லி ரத்தம் எடுத்தார். "கழுத்துக் கருப்புக்கு இடுப்பை எதுக்கு அளக்குறாங்க?" என்று மாமியார் என் காதைக் கடித்தார்.

பிரஷர் அதிகம், ரத்தத்தில் கொழுப்பு அதிகம், சர்க்கரை எல்லையில். "சர்க்கரை வியாதி இல்லதானேங்க?" என்றேன்.

"இன்னும் இல்லம்மா. ஒங்க ஒடம்புல இன்சுலின் நெறையவே சுரக்குது. ஆனா ஒடம்பு அது சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. அதனால இன்னும் இன்னும் சுரக்குது. அதுதான் கழுத்தைக் கருக்க வைக்குது. இப்படியே விட்டா சர்க்கரையும் வரும், இதயமும் கெடும்."

வயிற்றுச் சதை, பிரஷர், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் இப்படிக் கூட்டாக வருவதற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயராம். பிள்ளை பெற்றபின் நான் போட்ட சதையை, புருசன் சவூதியில் இருக்கிற களை என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது. மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்தபடியே, என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, சந்தேகப்பட்டது உட்பட எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். "சங்கிலி கெடக்குது, விடு. டாக்டர் என்னென்ன செய்யச் சொன்னாங்க, அதை மொதல்ல சொல்லு" என்றார். அழுதுவிட்டேன்.

சோற்றைக் குறைத்தேன். தெருவில் பெண்கள் நடக்கிற வழக்கமில்லை. விடியற்காலை பஜர் தொழுதுவிட்டு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்தேன். துணைக்கு மாமியாரும் மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தார். கருப்பு மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. சர்க்கரை எல்லையைத் தாண்டவில்லை.

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் என் கண் முதலில் அவள் கழுத்துக்குத்தான் போகிறது. நகையைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.