மரக்கொட்டில் ஸ்ரேசனும் நானும்

ரயில் ஸ்ரேசனில் ரிக்கெற் கொடுக்கிறவனிடம் ரிக்கெற்றை மட்டும் கேட்டு எவரும் வருவதில்லை.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சின்ன ஸ்ரேசன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஒரு மரக்கொட்டில், ஒரு பிளாற்போம், சனம் இருக்க ஒரு வாங்கு, அவ்வளவுதான். இன்றைக்கு அது கண்ணாடிக் கட்டடம். இடையில் நடந்த சிலதைச் சொல்கிறேன். பனிக்குள் கால் விறைக்க ரயிலுக்குக் காத்து நின்ற உங்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே விளங்கும்.

முதல் பார்வை

டோர்செட் பார்க்கிலிருந்து ஒரு அன்ரி வந்தா. அஜக்ஸில் வீடு வாங்கிய மகளிடம் போகிற முதல் பயணம். கொட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்தா. பிறகு என் யன்னலுக்குள் தலையை நீட்டி, வலு மரியாதையாகக் கேட்டா:

“தம்பி, உது ஸ்ரேசனோ, இல்லை ஸ்ரேசனின்ர கக்கூசோ?”

வாங்கில் கிடந்த கல்யாணம்

ஒருநாள் கடும் பனி. 401 நெடுஞ்சாலை அடைத்துக் கிடந்ததால், அஜக்ஸில் தம்பியின் கல்யாணத்துக்குப் போகிற ஒருவர் பட்டு வேட்டிக்கு மேலே ஜக்கெற்றோடு ரயிலுக்கு ஓடிவந்தார். ரயில் போனபிறகு பார்த்தால் வாங்கில் ஒரு சிவப்புப் பை. திறந்தேன். உள்ளே தாலிக்கொடி!

அஜக்ஸ் ஸ்ரேசனுக்குப் போன் அடித்து, “வேட்டி கட்டின ஆளை மறிச்சு வையுங்கோ” என்றேன். அடுத்த ரயில் வரும்வரை பை என் மடியில்தான். ரிக்கெற்றை ஒரு கையால்தான் கொடுத்தேன். அந்த ரயிலின் கொண்டக்ரர் மார்சியா, ஜமேக்காக்காரி. “இது தாலி, ஐயர் முன்னால கட்டுறது. முகூர்த்தம் தப்பினால் கல்யாணமே குழம்பிப் போகும்” என்று விளக்கிப் பையைக் கொடுத்தேன். அவ பையைக் கோட்டுக்குள் வைத்து அணைத்துக்கொண்டு போனா.

திரும்பி வரும்போது கதவில் நின்று கத்தினா:

“அந்த ஆள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான்! நல்லகாலம், ஐயர் பக்கத்தில நிக்கேல்லை. நிண்டிருந்தா தாலியை எனக்கே கட்ட வச்சிருப்பான்!”

மெசின் வந்த காலம்

பிறகு ரிக்கெற்றுக்குப் பதில் பயணக் காட் தட்டுகிற மெசின் வந்தது. சனத்துக்குப் பழக்கிவிட என்னை அதற்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெக்ஸ்போர்ட்டிலிருந்து வருகிற ஒரு அங்கிள் தட்டினார். மெசின் சிவப்பு லைற் போட்டுக் கத்தியது. அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். மறித்துப் பார்த்தேன். கையில் இருந்தது லைப்ரரி காட்!

“அங்கிள், இதையே இவ்வளவு நாளும் தட்டினீங்கள்?”

“ஓம். நான் தட்டுவன், அது சத்தம் போடும், நான் தாங்க்ஸ் சொல்லுவன். இதுக்கு மேல என்ன செய்யிறது?”

கடைசிப் படம்

புதுக் கட்டடம் எழும்பியதும் கொட்டிலை இடிக்க ஆட்கள் வந்தார்கள். அந்நேரம் ஒரு தம்பதி ஓடிவந்து, உள்ளே நின்று ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். அவர் யாழ்ப்பாணம், அவ மட்டக்களப்பு. ரயில் பிந்திய ஒரு குளிர்நாளில், இந்தக் கொட்டிலுக்குள் ஒதுங்கி நின்றபோதுதான் முதல்முதலில் கதைத்தார்களாம். நான் கெஞ்சிக் கேட்க, இடிக்க வந்தவன் மெசினை நிறுத்தினான். எனக்கும் மனம் ஒரு மாதிரித்தான் இருந்தது.

அவர் சுவரைத் தடவிக் கண் கலங்கினார். “இந்தக் கொட்டில் இல்லாட்டி எனக்கு வாழ்க்கையே இல்லை, அண்ணை.”

மனைவி அவரின் கொலரைச் சரிசெய்தபடி சொன்னா:

“அண்டைக்கு ரயில் நேரத்துக்கு வந்திருந்தா நான் தப்பியிருப்பன்.”

இப்போது ஸ்ரேசனில் லிப்ற் இருக்கிறது, ரயில் நேரம் காட்டும் பெரிய பலகையும் இருக்கிறது. அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று “அடுத்த ரயில் எப்ப?” என்று கேட்கிற சனம் இருக்கும்வரை என் வேலைக்கு ஆபத்தில்லை.