பக்கத்து நாற்காலிக்காரி

வட்டகொடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் என் வீட்டுக்காரர் குத்துவரிசை ஆடுவார். அதில் குத்து எதிராளியின் மேல் படாமல் நிற்க வேண்டும். குத்துச்சண்டை ரிங்கில் இறங்க ஆசை வந்ததும், அந்தப் பழக்கம் போக மாதக்கணக்கில் மணல் மூட்டையைக் குத்தினார்.

போன வருடம் ஹட்டனில் முதல் போட்டி. இவருடைய குத்து ஒன்று எதிராளியின் காதோரம் இறங்கியது. விழுந்தவர் எழவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சிங்களப் பெண், "ஐயோ, என் வீட்டுக்காரர்!" என்று அலறி என் கையைப் பற்றிக்கொண்டாள். வைத்தியர் ஏறி வந்து பார்க்கும்போதும் நான் அந்தக் கையை விடவில்லை.

"உங்க ஆளும் இங்கயா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

ரிங்கின் மூலையில் உட்கார்ந்திருந்த இவரைக் காட்டினேன். கையை உதறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் இவரையே பார்த்தாள். "அவரும் அழுறாரே. போங்க, அவருகிட்ட போய் இருங்க" என்றாள்.

அவள் கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு காது கேட்காமலே போய்விட்டது. இவர் அதோடு சண்டையை விட்டுவிட்டார்.

விழுந்தது இவராக இருந்திருந்தால், அடித்தவனின் மனைவியிடம் நான் அப்படிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.