முழுசா இருந்த இருபத்தேழு நோட்டு

கேஷ் கவுண்டர்ல உட்கார்ந்தவனுக்குப் பணத்து மேல இருக்கிற ஆசை ஆறு மாசத்துல போயிடும். விரல்ல ஒட்டின அழுக்கு ரிட்டயர் ஆகிற வரைக்கும் போகாது. வரிசையில நின்னு என்னை மாதிரி ஆளுங்களைச் சபிச்சவங்களுக்கும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தச் சாபத்தை வாங்கினவங்களுக்கும் நான் சொல்றது புரியும். சத்தியவேடு பக்கம் ஒரு சின்ன பேங்க்ல முப்பது வருஷம் நோட்டு எண்ணினேன். எந்தக் காசு ஒழிஞ்சாலும் எந்த நோட்டு மாறினாலும் முதல் அடி விழுந்தது ஒரு குடும்பத்து மேலதான். சுப்ரமணி, அவன் பெஞ்சாதி தேசம்மா. அவங்க கதையை மட்டும் சொல்றேன்.

ஸ்கேல் வெச்சு அளந்தது

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. நிலம் இல்லாத வாலிபப் பசங்க எல்லாம் பலமனேர் வழியா பஸ் பிடிச்சு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிக்கினு இருந்த காலம். நல்ல நோட்டுக்கே பஞ்சம். கைக்கு வர்றதெல்லாம் கந்தல், இல்லன்னா பசை போட்டு ஒட்டினது. ஒரு நாள் சுப்ரமணி பன்னெண்டு நூறு ரூபா நோட்டோட வந்தான். அத்தனையும் கிழிசல். கடைத்தெருவுல எவனும் வாங்காத நோட்டாப் பொறுக்கி மேஸ்திரி அவனுக்குக் கூலியாக் குடுத்திருக்கான்.

கிழிஞ்ச நோட்டுக்குன்னு ஒரு சட்டம் உண்டு. எவ்வளவு துண்டு மிச்சம் இருக்குதுன்னு பார்த்து முழுப் பணம், பாதிப் பணம், இல்லன்னா ஒண்ணுமே இல்லை. புது உத்தியோகத் திமிருல நான் ஸ்கேலை எடுத்து அளந்து, ஏழு நோட்டுக்குப் பாதிதான்னு சொன்னேன். பணத்தை வாங்க அவன் நீட்டின வலது கையில ரெண்டு விரல் இல்லை. கலவை மிஷின்ல போச்சாம். கோபமே இல்லாம சொன்னான்:

"நோட்டு பாதி போனாலும் மீதிக்கு நீங்க குடுக்கறீங்க சார். எனக்கு விரலு போச்சு, மேஸ்திரி ஊருக்குப் போடான்னுட்டான்."

நாளைக்கு வா

விரல் போனவனுக்கு எவன் வேலை குடுப்பான்? பஸ் ஸ்டாண்டு ஓரமாப் பொட்டிக்கடை வெச்சான். பீடி, வெத்தலை, கடலை மிட்டாய். கல்லாவுல தேசம்மா. சில்லறைக்கு நாயா அலைஞ்ச காலத்துப் பழக்கம், வர்ற நாலணாவை எல்லாம் பால் பவுடர் டப்பாவுல போட்டு வெச்சிருந்தா. நாலணா இனிமே செல்லாதுன்னு அரசாங்கம் அறிவிச்சு, மாத்திக்கக் கெடுவும் குடுத்துது. அவ காதுக்குச் சேதி போய்ச் சேர்ந்தது கடைசி நாள் அன்னிக்கு. நாலு டப்பாவையும் சாக்குல கட்டித் தலையில வெச்சிகினு வந்தா.

எனக்கு நல்ல பசி. அத்தனை காசையும் யாரு எண்றது? எங்க பக்கம் ஒரு காலத்துல பேய் உள்ள வராம இருக்க வாசக்கதவுல 'ரேப்பு ரா', அதாவது நாளைக்கு வான்னு, தெலுங்குல எழுதி வெப்பாங்க. பேய் படிச்சுட்டுத் திரும்பிப் போயிடுமாம். அதையேதான் நானும் அவகிட்ட சொன்னேன். நம்பிப் போனா. மறுநாள் காலையில வந்து நின்னா. இனிமே வாங்க முடியாதும்மா, கவர்மெண்டு உத்தரவுன்னு சொன்னேன். என் சோம்பேறித்தனம்னு சொல்ல வாய் வரலை. சாக்கைத் திரும்பத் தூக்கறப்போ கேட்டா:

"நேத்து வரைக்கும் காசு, தூங்கி எழுந்தா வெறும் இரும்பா சார்?"

மஞ்சத் துணி

கடை படுத்துடுச்சு. சுப்ரமணி ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிட்டு, குவைத்துக்கு ஆடு மேய்க்கப் போனான். மாசாமாசம் பணம் அனுப்புவான். பாதி வட்டிக்கு, மீதி வயித்துக்கு. பணம் எடுக்க வர்றப்போ எல்லாம் தேசம்மா என்கிட்ட, சாமிக்கு ஒண்ணு புது நோட்டாக் குடு சார்னு கேட்டு ஒரு ஐநூறு ரூபாயைத் தனியா வாங்கிக்குவா. மஞ்சத் துணியில நோட்டுக்கு ஒரு முடிச்சா முடிஞ்சுகினே வந்தா. அவன் நல்லபடியாத் திரும்பினா, ரெண்டு பேரும் நடந்தே திருமலை ஏறி, அவன் கையாலயே முடிச்சு அவுத்து உண்டியல்ல போடறதா வேண்டுதல். இருபத்தேழு முடிச்சு ஆச்சு. அதுக்கப்புறம் எட்டு மாசமா பணமும் இல்லை, போனும் இல்லை.

அப்போதான் ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு ஆச்சு. வரிசை ரோட்டுக்குப் போச்சு. நான் சோறு துன்ன நேரமில்லாம எண்ணினேன். அந்த வரிசையில தேசம்மாவைக் காணோம். நாலணா விஷயம் என் நெஞ்சை அறுத்துகினே இருந்துது. இந்தத் தடவை விடக்கூடாதுன்னு ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினேன். கெடு முடியறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நானே அவ வீட்டுக்குப் போய் நின்னேன். குடும்மா, உன் கணக்குல போட்டுட்டுப் புது நோட்டா எடுத்துத் தர்றேன், திரும்ப முடிஞ்சுக்கோன்னு கெஞ்சினேன். கடைசியில கத்தினேன், புத்தி கெட்டவளேன்னு கூட சொல்லிட்டேன். அவ துணியை மடியில வெச்சிகினு நிமிர்ந்து பார்த்தா:

"அவரு வர்றதுக்கு முன்னாடி நான் அவுத்துட்டா, இனிமே வரமாட்டாருன்னு நானே ஒத்துகினா மாதிரி ஆயிடாதா சார்?"

மூணு விரல்

வந்தான். கெடு முடிஞ்சு ரெண்டாவது மாசம். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சிகினு சம்பளம் குடுக்கலையாம். தப்பிச்சு ஓடி தூதரகத்துல போய் விழுந்திருக்கான். ஆளு பாதியா இருந்தான். சரியாத் தண்ணி கூட இல்லாத இடத்துல கிடந்து கிட்னி கெட்டுப் போச்சு. உடனே வைத்தியம் பார்க்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. குவைத்துல சம்பாதிச்சதுல மிச்சம் அந்த மஞ்சத் துணி ஒண்ணுதான். இப்போதைக்கு வைத்தியத்துக்கு எடுத்துக்கலாம், சாமிக்கு அப்புறமாச் சேர்த்துக் குடுக்கலாம்னு பேசிகினு, கெடு தாண்டினாலும் நான் ஏதாவது வழி பண்ணுவேன்னு நம்பி ரெண்டு பேரும் என் கவுண்டருக்கு வந்தாங்க.

வேண்டுதல்படி அவனே அவுத்தான். மூணு விரலால, ஒவ்வொரு முடிச்சா. முதல் முடிச்சுலயே நான் தடுத்திருக்கணும். தேசம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம், எல்லாத்தையும் அவுக்க விட்டுட்டேன். புருஷனைக் கொண்டுவந்து சேர்த்த முடிச்சு ஆச்சே. இருபத்தேழு நோட்டும் கண்ணாடிக்குக் கீழ அடுக்கா இருந்துது. மடிப்புகூடக் கலையாம, நான் எண்ணிக் குடுத்த அதே நோட்டு. கெடு தாண்டிப் போச்சு, இனிமே இந்த பேங்க்ல வாங்க முடியாதுன்னு சொன்னேன். என் பாக்கெட்டுல இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன், தேசம்மா அதைத் தொடலை. சுப்ரமணி மட்டும் ஒரு நோட்டை எடுத்து நாலு மூலையையும் தடவிப் பார்த்துட்டு என் பக்கம் தள்ளினான்:

"கிழிஞ்ச நோட்டுக்கே பாதி குடுத்தீங்களே சார். இது முழுசா இருக்குது, வேணும்னா அளந்து பாருங்க."

முப்பது வருஷத்துல ஒரு கள்ள நோட்டுகூட என் கையைத் தாண்டிப் போனதில்லைன்னு ரிட்டயர் ஆன அன்னிக்கு எனக்குப் பொன்னாடை போட்டாங்க. நல்ல நோட்டு இருபத்தேழைத் திருப்பி அனுப்பினதைப் பத்தி எவனும் ஒரு வார்த்தை கேக்கலை.